குறியீடு என்று எழுதப்பட்ட ஏரி

ஆங்கிலத் துறைக்குப் புதிதாக வந்த விரிவுரையாளரின் முதல் கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியான அன்று காலை, கல்லூரித் தரைத்தளத்தில் கழற்றிவிட்டிருந்த செருப்புகள் எல்லாம் மிதந்தன. தண்ணீர் கிடையாது. தரை காய்ந்துதான் கிடந்தது. பெருக்குகிற அம்மா துடைப்பத்தை வைத்தபோது கிளம்பிய புழுதி கணுக்கால் உயரத்தில் பாலாடை மாதிரிப் படர்ந்து நின்றதைப் பார்த்து, "இதை நான் எப்படிய்யா அள்றது?" என்று கேட்டார், அவ்வளவுதான். குப்பைக் கூடைகள், பிளாஸ்டிக் வாளிகள், யாரோ விட்டுப்போன டிபன் பாக்ஸ் எல்லாம் தாழ்வாரத்தில் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. இரும்பு பீரோ மட்டும் மரியாதையாக நின்ற இடத்தில் நின்றது. லேசான பொருட்களை ஜன்னல் கம்பியில் கட்டி வைக்கும்படி முதல்வர் ஒரு சுற்றறிக்கை விட்டார். மாணவர்கள் இரண்டு நாள் சிரித்தார்கள். பிறகு பரீட்சை வந்துவிட்டது. மின்வெட்டுக்குப் பழகியவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம், இதற்கும் பழகிக்கொண்டோம்.

நம் ஊரின் பாதி ஓர் ஏரியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இது ரகசியமும் அல்ல, யாரும் பெரிதாகப் பேசுகிற சங்கதியும் அல்ல. கடல் தாண்டி வந்த துரைமார் காலத்தில் கரையை வெட்டித் தண்ணீரை ஓடவிட்டு, மேட்டு மண்ணைக் கொட்டி நிரவி, மேலே ரயில் கொட்டகையும் பஞ்சுக் கிடங்கும் கட்டினார்கள். ஏரியில் வலை போட்டுப் பிழைத்த ஜனங்களை எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்று எவனும் எழுதி வைக்கவில்லை. ஆனால் துரை ஒருவரின் மனைவி பொழுது போகாமல் ஒரு நாவல் எழுதினார். அதில் கதாநாயகி மாடி வராந்தாவிலிருந்து ஏரியைப் பார்ப்பாள், பயப்படுவாள், காய்ச்சலில் விழுவாள். கதை முழுக்க இதே வேலைதான். கிடங்குகள் போய் அந்த இடத்தில் கல்லூரி வந்தது, கல்லூரியைச் சுற்றி வீடுகள் வந்தன, நாவல் கல்லூரி நூலகத்தில் பூச்சி அரித்துக் கிடந்தது.

அதைத் தூசி தட்டி எடுத்தவர்தான் நம் விரிவுரையாளர் மேடம். பின்காலனிய இலக்கியமும் சூழலியலும் சேர்ந்த ஆய்வு என்று சொல்லிக்கொண்டார். ஆங்கிலத் துறையில் அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை, சுற்றுச்சூழல் துறையிலும் கேள்விப்பட்டதில்லை, ஆகவே இரண்டு இடத்திலும் அவருக்கு நாற்காலி போட யோசித்தார்கள். சுற்றுச்சூழல் துறையில் ஒருவர் மட்டும் மதித்துப் பேசினார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் மண்ணு சார். அவர் கல்லூரிக்குப் பின்னால் குழாய் இறக்கித் துளை போட்டு, கருப்புக் களிமண்ணும் நத்தைக் கூடுமாக மேலே எடுத்துக் கொடுத்தார். நாவலில் ஏரி வருகிற பக்கங்களையும் இந்தச் சேற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரிவுரையாளர் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல கட்டுரை. அதை எந்த ஆய்விதழும் ஏற்கவில்லை. விஞ்ஞான இதழ்கள் கதையை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்றன, இலக்கிய இதழ்கள் சேற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றன. கடைசியில் ஒரு நல்ல இதழின் மதிப்பீட்டாளர் மட்டும், ஏரி நிஜத்தில் இருந்ததா என்பது இங்கே முக்கியமல்ல, அது காலனிய மனத்தின் அச்சத்துக்கு ஒரு குறியீடு, அந்தக் கோணத்தில் திருத்தினால் பரிசீலிக்கலாம் என்று எழுதினார். தகுதிகாண் காலம் முடிவதற்குள் ஒரு கட்டுரையாவது வரவில்லை என்றால் வேலை நிரந்தரம் ஆகாது. துறைத்தலைவி தினமும் காலையில் "வணக்கம்" என்பதற்குப் பதிலாக "கட்டுரை என்னாச்சு?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். விரிவுரையாளர் கட்டுரையிலிருந்து சேற்றை எடுத்துவிட்டார். அப்படி ஓர் ஏரி குறியீடாக மட்டுமே இருந்தது என்று முதல் பத்தியிலேயே எழுதினார். கட்டுரை ஏற்கப்பட்டது, செருப்புகள் மிதந்தன.

அதற்குப் பிறகு எதனால் எது நடந்தது என்பதை அவரும் மண்ணு சாரும் மட்டும்தான் கவனித்தார்கள். வேறொரு தேசத்தில் யாராவது அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினால் விரிவுரையாளரின் கைபேசியில் ஒரு மணி அடிக்கும். அந்த மணி அடிக்கும்போதெல்லாம் பொருட்கள் மிதக்கிற மட்டம், ஊரில் கோடு என்று சொன்னது, ஒரு விரற்கடை ஏறியது. முதலில் அவருக்கு மணிச் சத்தம் கேட்டால் முகம் பூரிக்கும். பூரிக்காமல் என்ன செய்யும், எத்தனை வருஷம் நாய் படாத பாடு பட்டுப் படித்த படிப்பு! பிறகு கோடு முழங்காலைத் தொட்டது. சுவர்களில் மீன்களின் நிழல் போக ஆரம்பித்தது, மீன்கள் இல்லாமல். தெருவில் இருந்த பூனைகள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போய்விட்டன. கல்லூரி வாசலில் டீக்கடைக்காரர் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த நாய், வயிறு உப்பி, மூக்கில் நுரையோடு, உலர்ந்த ரோமத்தோடு செத்துக் கிடந்தது. டீக்கடைக்காரர் அன்று கடை திறக்கவில்லை. மறுநாள் பலகை போட்டு அடுப்பை உயர்த்திக்கொண்டு திறந்தார்.

மண்ணு சார் நேராகவே கேட்டார். "மேடம், அது வந்து நிக்குது. இல்லன்னு எழுதினீங்க, வந்து நிக்குது. அந்த இதழுக்கு ஒரு மெயில் போட்டு, ஏரி இருந்துச்சு, களிமண் இருக்கு, நத்தை இருக்குன்னு திருத்தம் கொடுங்க."

"கொடுக்கறேன் சார். கன்ஃபர்மேஷன் ஆகட்டும். இப்ப திருத்தம் போட்டா கட்டுரையே தப்புன்னு ஆயிடும்."

"அதுக்குள்ள கழுத்துக்கு வந்துட்டா?"

"என் கழுத்துக்கா சார்? அவ்வளவு சீக்கிரம் வராது."

அவர் கழுத்துக்குத்தான் வராது. வீட்டில் வாலு இருந்தாள். வாலு அவருடைய அக்கா மகள், இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயசு, பெயருக்கேற்ற சேட்டை. கல்லூரிக்குப் பின்னால் இருந்த ஒற்றைத்தள வீட்டில் அக்காவும் வாலுவும் விரிவுரையாளரும் இருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர், எப்போதாவது வருவார். அக்கா வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருந்தாள். தங்கை படித்த காலம் முழுக்க ஓடிய மிஷின் அது. வாலுவுக்கு இந்த மிதக்கிற சமாசாரம் ஒரே கொண்டாட்டம். கைகளை விரித்துக் குப்புறப் படுத்தால் அறையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போவாள், பாவாடை மேலே எழும்பிக் குடையாகும், அக்கா திட்டிக்கொண்டே பிடித்து இழுப்பாள். கோடு வாலுவின் நெஞ்சுக்கு வந்த வாரம் அக்கா அவளைப் பகலெல்லாம் மொட்டை மாடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

"இது எப்படி வந்துச்சு, எப்ப போகும்னு உங்க காலேஜ்ல யாருக்காவது தெரியுமாடி?" என்று அக்கா ஒரு நாள் கேட்டாள். விரிவுரையாளர் தட்டைப் பார்த்துக்கொண்டே, யாருக்கும் தெரியாது என்றார். அந்த வாரம் இரண்டு தடவை மணி அடித்தது. இரண்டு தடவையும் கைபேசியைத் தலையணைக்குக் கீழே தள்ளினார்.

பணி நிரந்தரத்துக்கான நேர்காணலை மேல்தளத்தில் வைத்தார்கள், கீழே நாற்காலிகள் உட்கார முடியாத உயரத்தில் இருந்தன. வெளியூரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், துறைத்தலைவி, முதல்வர், கல்லூரியின் தாளாளர். எல்லாம் நல்லபடியாகப் போனது. நிபுணருக்குக் கட்டுரை ரொம்பப் பிடித்திருந்தது. எழுந்திருக்கப் போகிற நேரத்தில் அவர் சும்மா, ஒரு ஆர்வத்தில் கேட்டார். "அப்போ நெஜமாவே இங்க ஒரு ஏரி இருந்துச்சா மேடம்?"

தாளாளர் பேனாவை மூடினார். ஏரி நிலம் என்று ஆகிவிட்டால் கட்டடத்துக்கு வாங்கிய அனுமதியெல்லாம் என்ன ஆகும் என்பது அந்த அறையில் அவருக்கு மட்டுமா தெரியும். துறைத்தலைவி விரிவுரையாளரின் முகத்தைப் பார்த்து, கண்ணால் மெதுவாக இல்லை என்றார். ஜன்னலுக்கு வெளியே, கீழே நின்ற இளம் மாமரத்தின் பாதி உயரம்வரை இலைகள் ஒரு பக்கமாக அலைந்துகொண்டிருந்தன. மேல்பாதி அசையாமல் இருந்தது. விரிவுரையாளர் அதையும் பார்த்தார்.

"இல்லீங்க சார். வெறும் குறியீடுதான்."

முகங்கள் மலர்ந்தன. வாழ்த்துகள் என்றார் முதல்வர். அந்தச் சொல் முடிவதற்குள் கீழே கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. அதுவரை விரற்கடை விரற்கடையாக ஏறிய கோடு ஒரே மூச்சில் கதவு நிலைக்கு மேலே போயிருந்தது. விரிவுரையாளர் படிக்கட்டில் ஓடினார், பாதிப் படியில் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு உள்ளே இறங்கினார். சேலை மேலெழுந்து முகத்தை மறைத்தது. கால் தரையில் ஊன்றவில்லை. மதில் சுவரைப் பிடித்து ஏறி மூச்சு வாங்கி, மறுபடி இறங்கி, மறுபடி ஏறி, அந்தச் சின்னத் தூரத்தைக் கடந்தார். தெருவில் ஜனங்கள் ஒருவரை ஒருவர் மொட்டை மாடிகளுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று நம் ஊரில் செத்தவர்களின் வீடுகளில் இன்றும் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது.

அக்கா மாடியில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். வாலுவைச் சாப்பிட வைக்கக் கீழே இறக்கியிருக்கிறாள், மேஜைமேல் உட்காரவைத்துவிட்டுக் காய்ந்த துணியை எடுக்க மேலே வந்திருக்கிறாள், அந்த நேரம். பல தடவை குதித்துத் தேடிவிட்டு மூச்சு முட்டி ஏறியிருந்தாள். அக்காவும் தங்கையும் சேர்ந்து இறங்கினார்கள். வாலு தையல் மிஷினுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடி மேல்நோக்கி நின்றது. மிதந்துபோன நூல்கண்டுகளை அண்ணாந்து பார்த்து விரல் நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. அக்கா அவளை வாரிக்கொண்டு மாடிக்கு வந்தாள், வந்த மாத்திரத்தில் குழந்தையின் கண் செருகியது, வாய் திறந்து திறந்து மூடியது, உதடு நீலம் பாய்ந்தது. எத்தனை தட்டியும் காற்று உள்ளே போகவில்லை. கடைசியில் அக்காதான், பெற்ற கையாலேயே, அவளைத் திரும்பக் கோட்டுக்குக் கீழே இறக்கினாள். வாலு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நூல்கண்டுகளைப் பிடிக்கப் போனாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?" என்று கேட்டாள் அக்கா.

"தெரியும்கா."

"படிச்சுக் கிழிச்சே." அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி வாலுவிடம் இறங்கினாள்.

மறுநாளே விரிவுரையாளர் ஆய்விதழுக்கு எழுதினார். களிமண், நத்தைக் கூடு, மண்ணு சாரின் பெயர் எல்லாம் சேர்த்து, ஏரி இருந்தது, இருக்கிறது என்று எழுதினார். இதழின் கடைசிப் பக்கத்தில் அது பொடி எழுத்தில் வந்தது. அன்றோடு கோடு நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளப்பட்ட ஏரி இருந்துகொண்டது. கட்டடத்துக்கு எந்த ஆபத்தும் வரவில்லை, கடைசிப் பக்கத்தைப் படிக்கிறவர் யார்? பணி நிரந்தர ஆணை ஏற்கெனவே தட்டச்சாகியிருந்ததால் அதுவும் வந்து சேர்ந்தது.

வருஷங்கள் போயின. நாங்கள் மாடிகளை ஒட்டிப் பலகைப் பாலம் போட்டுக்கொண்டோம். அடகுக் கடை, மருந்துக் கடை, கல்லூரி எல்லாம் மேல்தளத்தில் நடக்கின்றன. கீழ்த்தளங்கள் வாலுவைப் போலக் கோட்டுக்குக் கீழே மட்டும் உயிரோடு இருக்கிற சில பிள்ளைகளுக்கு என்று ஆயின, அவர்களுக்கு அங்கே எல்லாம் சுகமாகத்தான் இருக்கிறது. அக்கா மாடியில் மிஷினைப் போட்டுக்கொண்டு வாலுவுக்குப் பாவாடை தைக்கிறாள், மேலே எழும்பாதபடி ஓரத்தில் ஈயக் குண்டு வைத்து. விரிவுரையாளர் இணைப் பேராசிரியர் ஆகிவிட்டார். தினமும் சாயங்காலம் வீட்டுப் படிக்கட்டில், கோடு தொடுகிற படியில் உட்கார்ந்து, மூச்சை அடக்கித் தலையை உள்ளே விட்டு வாலுவுக்குப் பாடம் சொல்வார், மூச்சு முடிந்ததும் தலையைத் தூக்குவார், மறுபடி குனிவார். கீழே ஒரு மூச்சில் சொல்லக்கூடியதை மட்டும்தான் சொல்ல முடியும். அதனால் அவர் பேச்சு ரொம்பச் சுருங்கிவிட்டது.

வாலு ஆளாகி நிற்கிற வயசில் ஒரு சாயங்காலம், பாடத்துக்கு நடுவே கேட்டாள். "சித்தி, ஏரியே இல்லன்னு நீதான் சொன்னியாமே. அம்மா சொல்லிச்சு. ஏன் அப்படிச் சொன்னே?"

விரிவுரையாளர் தலையைத் தூக்கி நிறைய மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். "வேலைக்காகச் சொன்னேன்டி. சொல்லலன்னா வேலை போயிருக்கும்."

வாலு யோசித்தாள். அவள் முடி மெல்ல அலைந்தது.

"வேலை கெடைச்சுதா?"

"கெடைச்சுது."

"அப்ப சரி சித்தி," என்று சொல்லிவிட்டு வாலு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.