பெயர் சொல்லாத இருவர்

மாவட்ட லீக் இறுதிப்போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை காலையில், அந்தப் பதிவு திண்டுக்கல் பேகம்பூரில் எல்லோருடைய போனுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஞாயிறன்று பேகம்பூரின் நூர் கிளப்பும் நெய்க்காரப்பட்டி அணியும் மோதுகின்றன. யார் ஜெயிப்பார்கள் என்று பெயர் சொல்ல விரும்பாத இரண்டு ஸ்கவுட்டுகள் தன்னிடம் கணித்துச் சொன்னதாக, உள்ளூர்க் கால்பந்துக்கு ஃபேஸ்புக் பக்கம் நடத்தும் ரொனால்டு எழுதியிருந்தான். ஆட்டக்காரர்களை ஓரமாக இருந்து எடைபோட்டுப் பெரிய அணிகளுக்குச் சொல்கிறவர்களைத்தான் ஸ்கவுட் என்பார்கள். திண்டுக்கல்லுக்கு அப்படி யாரும் வந்ததாக அதுவரை ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

நூர் கிளப் கோல்கீப்பர் அல் அமீனுக்கு இடது முழங்கால் போய்விட்டது, மறைத்துக்கொண்டு ஆடுகிறான், இடப்பக்கம் தரையோடு வரும் பந்து அவனுக்கு எட்டாது என்று முதல் ஸ்கவுட் சொல்லியிருந்தார். இரண்டாமவர், நெய்க்காரப்பட்டி இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்கும், நூர் கிளப் போன வருஷத்துப் பெருமையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார்.

தோல் மண்டியில் மேஸ்திரியாக இருந்த சனாவுல்லா அதை இரண்டு முறை படித்தார். ஒவ்வொரு வார்த்தையும் அவர் சொன்னது. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் ரொனால்டு டீ வாங்கிக் கொடுத்து, டீம் எப்படி இருக்கு என்று கேட்டான். இருபத்திரண்டு வருஷமாக ஒரு ஆட்டம் விடாமல் பார்க்கிறவரிடம் யாரும் அப்படி மரியாதையாகக் கேட்டதில்லை. அரை மணி நேரம் பேசிவிட்டார். முழங்கால் விஷயத்தை அல் அமீன் அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். ஆத்தூர் பக்கம் கட்டுப் போடுகிறவரிடம் அவனைத் தன் வண்டியில் கூட்டிப் போனதும் அவர்தான்.

உடனே ரொனால்டுக்குப் போன் போட்டு, பதிவை எடுக்கச் சொன்னார். எடுக்க முடியாது, நாலாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள் என்றான் அவன். சரி, அந்த இன்னொரு ஸ்கவுட் யார் என்று கேட்டார்.

"ரெண்டுமே நீங்கதான் பாய். ஒருத்தர் சொன்னா கருத்து. ரெண்டு பேர் சொன்னாத்தான் செய்தி," என்றான் ரொனால்டு.

சாயங்காலம் டீக்கடையில் அதே பேச்சு. நெய்க்காரப்பட்டிக்காரர்கள் கிளப்பிவிட்டது என்றார் ஒருவர். ரொனால்டே உட்கார்ந்து எழுதியது என்றார் இன்னொருவர். செல்போன் கடை ரஹ்மத்துல்லா ஒத்துக்கொள்ளவில்லை. முழங்கால் கதை தெரிய வேண்டுமென்றால் தினமும் மைதானத்துக்கு வருகிற ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்றார். சனாவுல்லாவும் அங்கேதான் இருந்தார். பேசாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று நினைத்து, கூட இருந்தே குழி பறிக்கிற பயல் எவனோ, அவன் விளங்கவே மாட்டான் என்று எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டினார்.

சனிக்கிழமை பயிற்சி. ஞானதாஸ் வழக்கம்போலத் தனியாகச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நிலக்கோட்டைப் பூக்கடையில் மல்லிகை நிறுத்துப் போடுகிறவர். ஒரு காலத்தில் கல்லூரி அணிக்கு ஆடியவர். சந்தை முடிந்ததும் பஸ் ஏறி வருவார், ஒரு நோட்டில் ஏதாவது எழுதுவார், யாரிடமும் அதிகம் பேசாமல் போய்விடுவார். அந்த ஸ்கவுட் நீங்கள்தானே என்று ரஹ்மத்துல்லாவும் பத்திருபது பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ரஹ்மத்துல்லா நோட்டைப் பிடுங்கிப் பக்கம் புரட்டினார்.

"அல் அமீன், இடது முழங்காலைக் காப்பாற்றுகிறான்," என்று உரக்கப் படித்தார். அதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த வரி பக்கத்தில் நின்ற சனாவுல்லாவின் கண்ணில் பட்டது. 'இரண்டு மாதம் ஓய்வு கொடுக்கச் சொல்ல வேண்டும்' என்று இருந்தது.

"எனக்காக எழுதுறது தம்பி. ஒருத்தருக்கும் காட்டுனதில்ல," என்றார் ஞானதாஸ்.

"சனா பாய், நீங்க சொல்லுங்க. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் ரஹ்மத்துல்லா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கோல் கம்பத்தில் சாய்ந்து நின்ற அல் அமீனும் பார்த்தான். சனாவுல்லா ஞானதாஸின் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அதான் எழுத்துல இருக்குல்ல. பொறகென்ன."

யாரோ நோட்டை வாங்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் எறிந்தார்கள். ஞானதாஸ் சண்டை போடவில்லை. முழங்கை வரை நனைய நோட்டை எடுத்து, வேட்டியில் ஒற்றிக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

மறுநாள் ஆட்டத்தில் இடைவேளை வரை கோல் இல்லை. நெய்க்காரப்பட்டிக்காரர்கள் இடப்பக்கமே அடித்துக்கொண்டிருந்தார்கள், அல் அமீன் வலியோடு விழுந்து விழுந்து பிடித்தான். எழுபதாவது நிமிஷத்தில் ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தான். இவனும் இடப்பக்கம்தான் அடிப்பான் என்று அல் அமீன் முன்கூட்டியே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டான். பந்து வலப்பக்கம் மெதுவாக உருண்டு உள்ளே போனது. ஒன்றுக்குப் பூஜ்யம்.

ஸ்கவுட் சொன்ன பக்கமும் தப்பு, கோல் கணக்கும் தப்பு. ஆனாலும் மைதானத்தை விட்டு வெளியே வரும்போதே, ஸ்கவுட் சொன்னது அப்படியே பலித்துவிட்டது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அல் அமீன் முழங்காலில் ஐஸ் வைத்து உட்கார்ந்திருந்தான். சனாவுல்லா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஒங்க ஒருத்தர்கிட்டதான் சாச்சா சொன்னேன்," என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. "நேத்தே தெரியும். மேட்ச் முடியட்டும்னு நானும் வாயைத் தெறக்கல. அந்த மனுசன் தொட்டிக்குள்ள கையை விட்டு நோட்டை எடுத்தத நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

பத்து நாள் கழித்து சனாவுல்லா நிலக்கோட்டைக்குப் போனார். கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, அந்த இரண்டு பேரும் நான்தான் என்று ஞானதாஸிடம் சொன்னார். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. ஞானதாஸ் பூவின் மேல் ஈரச்சாக்கை இழுத்து மூடினார்.

"இருவது பேருக்கு முன்னால நடந்தது பாய். அத இங்க வந்து என் காதுல சொன்னா எப்புடி? அங்க போயி சொல்லுங்க."

சொல்கிறேன் என்று சனாவுல்லா வாக்குக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது, எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். டீக்கடையில் எல்லோரும் இருந்தார்கள். ரஹ்மத்துல்லா நகர்ந்து இடம் கொடுத்து, அந்த நிலக்கோட்டை ஆள் அதற்கப்புறம் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை, பார்த்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றார் சனாவுல்லா.

அந்த சீசனோடு அல் அமீன் ஆடுவதை நிறுத்திவிட்டான். தெருவில் எதிரே வந்தால் சலாம் சொல்வான். முன்புபோல நின்று பேசுவதில்லை.