ஆர்ட்ஸ் படித்த பெண்

சின்னவளுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்பது வீட்டில் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. அவளுக்கே பிடிபடவில்லை.

வரலாற்றில் பட்டம் வாங்கி ஒரு வருஷம் தாண்டியிருந்தது. அந்த ஒரு வருஷத்தில் அவளுக்கு யோசனை சொல்லாத வாய் தெருவில் பாக்கி இல்லை. பேங்க் பரீட்சை எழுது என்றார் மாடிவீட்டுக்காரர். டீச்சர் வேலைதான் நிம்மதி என்றாள் சித்தி. எதை வேண்டுமானாலும் படி, ஆனால் கம்ப்யூட்டரில் படி என்றான் மாடிவீட்டுக்காரரின் மகன். அவன் எந்த வேலைக்கும் போகாமல் வீட்டில்தான் இருந்தான். சின்னவள் எல்லோருக்கும் தலையாட்டினாள். பேங்க் பரீட்சைப் புத்தகத்தைப் பிரித்தால் டீச்சர் படிப்பு நினைவுக்கு வரும். அதை விசாரிக்கக் கிளம்பினால் கம்ப்யூட்டர் கண்முன் வந்து நிற்கும். கடைசியில் எதையும் செய்யாமல், ஆனால் நாள் முழுக்க ஓடியாடிய களைப்போடு படுக்கப் போவாள்.

அப்படி இருந்தபோதுதான் அக்காவின் புருஷன், அவளுடைய அத்தான், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று செய்தி சொன்னார். டைல்ஸ் ஒட்டுகிற பசையைக் கம்பெனி கம்பெனியாகக் கொண்டுபோய் விற்பவர் அவர். டைல்ஸ் ஃபேக்டரி ஒன்றில் ஆர்ட்ஸ் படித்த பெண் உடனே வேண்டுமாம். முதலாளியே வாய்விட்டுக் கேட்டாராம்.

ஆர்ட்ஸ் படித்த பெண்தான் வேண்டும் என்று உலகத்தில் ஒருவர் கேட்கிறார் என்றதும் அம்மா தைத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டாள். பஸ் ஓட்டும் அப்பா, ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

முதலாளியின் அறையில் நாற்காலியைத் தவிர எல்லா இடத்திலும் டைல்ஸ் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு டைல்ஸின் மேல் டீ தம்ளர் வைத்திருந்தார்.

"ஆர்ட்ஸ்தானேம்மா?"

"ஆமா சார்."

"கலர் சென்ஸ் எப்படி?"

தன் துணிமணியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பரவாயில்லை சார் என்றாள். திங்கட்கிழமை வந்துவிடச் சொன்னார். இவ்வளவு சுலபமாக ஒரு வேலை கிடைக்குமா என்று வழிநெடுக அவள் மனம் அரித்துக்கொண்டே வந்தது. ஆனால் வலிய வருவதைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்வானேன் என்று வாயை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவளைக் கொண்டுபோய் உட்காரவைத்த அறையில் ஒரு பெரிய சாய்வு மேசையும், பென்சில்களும், கலர் டப்பாக்களும், ஒரு கம்ப்யூட்டரும் இருந்தன. மேசைக்குப் பின்னால் நிறைமாத வயிற்றோடு டிசைனர் உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை என்னவென்று சொல்வது. மேடம் கீடம் எல்லாம் வேண்டாம், அக்கா என்றே கூப்பிடு என்றாள். ஆள் கிடைத்தால்தான் லீவு என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டாராம். நீ வந்தது தெய்வம் வந்த மாதிரி என்று சொல்லி ஒரு வெள்ளைத்தாளை அவள் முன்னால் வைத்தாள். குளியலறை டைல்ஸுக்கு ஒரு பூ வேண்டும். கொடியோடு.

சின்னவள் தாளைப் பார்த்தாள். ஆபீஸில் எழுத்து வேலை, ஃபைல் வேலை என்று நினைத்து வந்தவளுக்குப் பூ ஏன் என்று புரியவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இப்படி ஏதோ சோதனை வைப்பார்கள் போலிருக்கிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, பென்சிலை எடுத்து, பள்ளிக்கூடத்தில் வரைந்தது போலவே வரைந்தாள். நடுவில் ஒரு வட்டம், சுற்றி இதழ்கள். கொடி மட்டும் நன்றாக வந்ததாக அவளுக்குத் தோன்றியது.

டிசைனர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இது பூவா, ஃபேனா?"

"பூதான் அக்கா."

"நீ எந்தக் காலேஜ்ல டிராயிங் படிச்ச?"

"டிராயிங் படிக்கல அக்கா. நான் ஹிஸ்டரி."

டிசைனர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று அழுதுவிட்டாள். அப்போதுதான் சின்னவளுக்கு மெல்ல மெல்ல விஷயம் உறைத்தது. முதலாளி கேட்டது படம் வரையும் ஆளை. அத்தான் கொண்டுவந்து நிறுத்தியது அவளை.

நான் இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தவளின் கையை டிசைனர் பிடித்துக்கொண்டாள். லீவு கையெழுத்தாகும் வரைக்கும் வாயைத் திறக்காதே, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்றாள். அழுத கண்ணோடு கேட்கிறவளிடம் எப்படி மறுப்பது? சின்னவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளுக்குத் தான் யாரை ஏமாற்றுகிறோம், யாருக்கு உதவுகிறோம் என்று ஒன்றும் விளங்கவில்லை. அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உண்மையைத்தான் சொல்லியிருந்தாள். ஆனாலும் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முதலாளி அறைக்குள் வந்தார். மேசையில் கிடந்த பூவை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது மாடர்னா?" என்று கேட்டார்.

"ஆமா சார், இப்ப எல்லாம் இப்படித்தான்," என்றாள் டிசைனர்.

முதலாளி தலையை ஆட்டினார். பிடித்துப்போய் ஆட்டினாரா, புரியாமல் ஆட்டினாரா என்று தெரியவில்லை. சாம்பிள் அடித்துப் பார்க்கலாம் என்று சொல்லித் தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். தன் ஃபேன் பூ யாரோ ஒருவருடைய குளியலறைச் சுவர் முழுக்க ஓடப்போவதை நினைத்ததும் சின்னவள் எழுந்துவிட்டாள். அதற்கு மேல் தாங்கவில்லை. டிசைனர் பின்னாலிருந்து கூப்பிடக் கூப்பிட, அவள் அவர் அறைக்கே போய், தான் படித்தது வரலாறு, படம் வரையத் தெரியாது என்று நின்றபடியே சொல்லிவிட்டாள்.

அவர் கோபப்படவில்லை. அவருக்கும் குழப்பம்தான்.

"ஆர்ட்ஸ்னுதானேம்மா சொன்ன?"

"அதுவும் ஆர்ட்ஸ்தான் சார்."

"டிசைனருக்கு இது தெரியுமா?"

தெரியாது சார் என்றாள். அந்த ஃபேக்டரியில் அவள் சொன்ன ஒரே பொய் அதுதான். எனக்கு வரைகிற ஆள்தான் வேண்டும், தப்பா நினைக்காதேம்மா என்றார் அவர். சரி சார் என்று வந்துவிட்டாள்.

ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. டிசைனர் மேசையில் தலையைக் கவிழ்த்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு எப்படிப் போவது? உங்களோடு படித்தவர்களின் நம்பரெல்லாம் கொடுங்கள் அக்கா என்று கேட்டு வாங்கி, பகல் முழுக்க அந்த அறையிலேயே உட்கார்ந்து போன் போட்டாள். முறையாக ஓவியம் படித்தவர்கள் எல்லோரும் எங்கெங்கோ இருந்தார்கள். ஒருத்தி கொரியர் ஆபீஸில். ஒருவன் சொந்தமாக டாக்ஸி ஓட்டினான். ஒருத்தி செருப்புக் கடையில் கவுண்டரில் நின்றாள். சின்னவள் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகத் துருவித் துருவிக் கேட்டாள். வேலையை விட்டுவிட்டு வர முடியுமா, கடைசியாக எப்போது வரைந்தீர்கள், என்ன வரைந்தீர்கள், இப்போது வரைந்து அனுப்ப முடியுமா. செருப்புக் கடைப் பெண் பில் பேப்பரின் பின்பக்கத்தில் ஒரு கொடி வரைந்து போட்டோ எடுத்து அனுப்பினாள். டிசைனர் அதைப் பார்த்துவிட்டு போனை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்கு எழுந்து போனாள்.

டிசைனருக்கு லீவு கிடைத்துவிட்டது. சின்னவளுக்கு வேலை போய்விட்டது.

சாயங்காலம் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். அத்தானும் விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நீ இத்தனை வருஷமும் படம் வரையக் கத்துக்கிறன்னுதான் நான் நெனச்சிட்டிருந்தேன்," என்றார். "கம்பெனிக்காரங்ககிட்ட எல்லாம் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

அம்மா மெதுவாக, வக்கீல் படிப்புக்கு முந்தின படிப்பு என்று தான் நினைத்திருந்ததாகச் சொன்னாள். அப்பாவை எல்லோரும் பார்த்தார்கள். டிகிரி என்று தெரியும், அதற்குமேல் கேட்டதில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். தினமும் ஒரே வீட்டில் சாப்பிட்டுப் படுத்து எழுந்தவர்களில் ஒருவருக்கும் அவள் என்ன படித்தாள் என்று தெரியாது. அவளும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை என்று அவளுக்கு வருத்தம் வந்தது. நானும் சொல்லவில்லையே என்று அதற்குப் பின்னாலேயே வெட்கம் வந்தது. இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப நீ என்னதாம்மா படிச்ச?" என்று அப்பா கேட்டார்.

பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் தட்டுத்தடுமாறித்தான் தொடங்கினாள். ஒரு சண்டை நடந்திருக்கும்ப்பா. நாலு பேர் நாலு விதமா எழுதி வச்சிருப்பாங்க. ஒவ்வொருத்தரும் யாரோட ஆளு, எதுக்காக அப்படி எழுதினாங்க, எதை விட்டுட்டாங்கன்னு பாத்து, என்ன நடந்திருக்கும்னு நாமளா ஒரு முடிவுக்கு வரணும்.

அப்பா சாப்பாட்டை மறந்துவிட்டுக் கேட்டார். டிப்போவில் பஸ் இடித்தால் விசாரணை வைப்பார்களே, டிரைவர் ஒன்று சொல்வார், கண்டக்டர் ஒன்று சொல்வார், இடிபட்டவன் வேறொன்று சொல்வான், அந்த மாதிரியா என்றார். கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் என்றாள். அவருக்குப் பெரும் சந்தோஷம்.

"அப்ப போலீஸ்ல சேந்துடலாமே," என்றார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகத்தான் சொன்னார். சின்னவளுக்கும் ஒரு கணம், சேர்ந்தால்தான் என்ன என்று இருந்தது.

சில நாள் கழித்து முதலாளியிடமிருந்து போன் வந்தது. செருப்புக் கடைப் பெண் நன்றாக வரைகிறாளாம். அவளை எப்படிப் பிடித்தாய் என்று கேட்டார். விசாரித்தேன் சார் என்றாள். ஷோரூமுக்கு ஒரு ஆள் வேண்டும், குடோனுக்கு ஒரு ஆள் வேண்டும், எனக்கு ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரிய மாட்டேன் என்கிறது, நீ வந்துவிடேன் என்றார்.

அம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வலிய வருகிறது, விட்டுவிடாதே என்று கண்ணால் சொன்னாள்.

"வர்றேன் சார்," என்றாள் சின்னவள். "ஆனா என்ன வேலைன்னு முதல்ல தெளிவாச் சொல்லிடுங்க."

முதலாளி யோசித்தார். ஆள் எடுக்கிற வேலை என்றார். பிறகு, அது மட்டும் இல்லை, வந்தவர்களோடு பேசுவது, சண்டை வந்தால் என்ன ஏதென்று கேட்பது என்றார். இதற்கு என்ன பெயர் என்று தனக்கே தெரியவில்லை என்றும் சொன்னார்.

"பேர் அப்புறம் வச்சுக்கலாம் சார்," என்றவள், அம்மாவின் தையல் மேசையில் கிடந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல மேசைப் பலகையிலேயே எழுத ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, குடோனில் இதற்கு முன் இருந்தவர் ஏன் போனார் என்று கேட்டாள். முதலாளி ஒரு காரணம் சொன்னார். அவரே அப்படிச் சொல்லிவிட்டுப் போனாரா, இல்லை நீங்களாக நினைக்கிறீர்களா என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள்.