பக்கத்து வீட்டு விசில்

சிநேகாவும் ஜெபசிங்கும் பொழுதுபோக்காக எழுதிய புரோகிராம்களில் பாதி யாருக்கும் உதவாதவை. இதை அவர்களே கூசாமல் ஒப்புக்கொள்வார்கள். மழை வரப்போகிறது, மாடியில் காயும் துணியை எடு என்று சொல்ல ஒன்று எழுதினார்கள். அது சொல்கிற நேரத்தில் துணி நனைந்து, பிழிந்து, மறுபடி கொடியேறியிருக்கும். மாமல்லபுரம் பஸ் எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்ல இன்னொன்று. அது பார்த்து முடிப்பதற்குள் பஸ் மாமல்லபுரத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கும். அந்த பஸ்ஸைப் பிடித்துத்தான் சிநேகா தினமும் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டுக்கு வரவேற்பு வேலைக்குப் போகிறாள். ஜெபசிங்குக்கு சிறுசேரியில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் எழுதியதில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. செங்கல்பட்டில் ஒரே பாலிடெக்னிக்கில் படித்தபோது பழகி, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அந்த வாரம் எழுதியதை ஒருவருக்கொருவர் காட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். ஒருவர் எழுதியதில் மற்றவர் கேட்காமல் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். உப்பு, காரம், மாமியார், நாத்தனார் எதற்கும் சட்டம் போடாதவர்கள், இதற்கு மட்டும் கல்யாணமான முதல் வாரமே போட்டுக்கொண்டார்கள்.

படூரில் இந்த வீடு கிடைத்ததற்குக் காரணம் பிரபாவதி ஆன்ட்டி. அதற்கு முன் நான்கு வீடு பார்த்தார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். மதுராந்தகம் பக்கம் என்றால், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். மறுநாள் போன் செய்தால் வேறு பார்ட்டி வந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஐந்தாவதாக வந்த இந்த வீட்டின் சொந்தக்காரர் கோயம்புத்தூரில் இருந்தார். சாவி இரண்டாவது மாடியில் பக்கத்து வீட்டுக்காரரான பிரபாவதியிடம் இருந்தது. ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், கல்பாக்கத்தில் ஆபீஸ் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவர். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: மோட்டார் போட்டால் அணைக்க மறக்க மாட்டீர்களே? மறக்க மாட்டோம் என்று ஜெபசிங் மனசாட்சியில்லாமல் சொன்னான். அவர் அங்கேயே நின்று சொந்தக்காரருக்கு போன் போட்டு, நல்ல பிள்ளைகள், கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு போனுக்கு என்ன செய்தாலும் தகும் என்று சிநேகா நினைத்தாள். பால் காய்ச்சிய அன்றே எவர்சில்வர் தூக்கில் கேசரி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் தூக்கு எலுமிச்சை சாதத்தோடு திரும்பி வந்தது. இவள் சுண்டல் அனுப்பினால் அங்கிருந்து அவியல் வந்தது. ஒரு வருஷமாக அந்தத் தூக்கு இரண்டு கதவுக்கும் நடுவே நடையாய் நடந்தது. ஒரு தடவைகூட வெறுமையாகப் போகவில்லை, வரவில்லை. நன்றிக்கடன் தீருகிற மாதிரி சிநேகாவுக்குத் தோன்றவே இல்லை.

இதற்கிடையில் பிரபாவதிக்கு ஒரு பெரிய கவலை வந்தது. ஓசூரில் இருக்கும் தம்பி சதாசிவம், அக்கா தனியாக இருக்க வேண்டாம், வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்று மாதம் ஒரு முறை வந்து உட்கார்ந்துகொண்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பயம். ஒரு நாள் கீழே விழுந்தால் யாருக்குத் தெரியும் என்பது அவர் கேள்வி. பிரபாவதிக்கோ அந்த வீடு தன் சம்பளத்தில், தன் பேரில், தான் ஒருத்தியாக வாங்கியது. சுவரில் ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம் என்பதற்காகவே வாங்கியது என்பார். வேண்டுமானால் ஹாலில் ஒரு கேமரா மாட்டித் தருகிறோம், தம்பி அங்கிருந்தே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஜெபசிங் ஆசையாகச் சொன்னபோது, அவர் முகம் சுருங்கிவிட்டது.

"என்னை யாரும் பார்த்துக்கிட்டே இருக்கக் கூடாதுப்பா. அதுக்கு நான் ஓசூருக்கே போயிடுவேன்."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அந்த வீட்டில் அவர் இருக்க வேண்டும் என்று அவரைவிட அதிகமாக சிநேகா ஆசைப்பட்டாள்.

குக்கர் கதை இதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. இரண்டு பேருமே லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் காது மூடிக்கொள்கிற ஜாதி. எத்தனை விசில் வந்தது என்று இவள் கேட்பாள், நீ எண்ணவில்லையா என்று அவன் கேட்பான். அதற்குள் சாதம் குழைந்து கஞ்சியாகியிருக்கும். அதனால் ஜெபசிங் ஒரு பழைய போனை பிரிட்ஜ் தலையில் வைத்து, விசிலை எண்ணிச் சொல்லும் புரோகிராம் எழுதினான். பேச்சு எதையும் அது பதிவு செய்யாது, விசில் மட்டும்தான். முதல் வாரம் பிரமாதமாக ஓடியது.

இரண்டாவது வாரம் மதுராந்தகத்திலிருந்து அவன் அப்பா அம்மா வந்தார்கள். போன் நாலு விசில் என்று சொன்னதும் சிநேகா அடுப்பை அணைத்தாள். சாம்பாரில் பருப்பு கல்லாகக் கிடந்தது. மாமனார் ராமதாஸ் பெருந்தன்மையாக, கடிக்கக் கடிக்க ருசியாக இருக்கிறது என்றார். அன்றைக்கு உட்கார்ந்து தேடினதில்தான் விஷயம் பிடிபட்டது. நாலு விசிலில் இரண்டு பிரபாவதி வீட்டுக் குக்கருடையது. இரண்டு சமையலறைக்கும் நடுவே இருப்பது சுவர் என்று பேரே தவிர, கடுகு தாளித்தால்கூடக் கேட்கும்.

ஜெபசிங் மூன்று வாரம் மல்லுக்கட்டினான். தங்கள் குக்கரின் விசில் கட்டை, அந்த வீட்டு விசில் கீச்சு. அதை வைத்து இரண்டையும் பிரித்தான். பக்கத்து வீட்டு விசிலுக்கு இரைச்சல் என்று பேர் வைத்து, வந்தால் தூக்கிப் போடச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியோடு காட்டினான். சிநேகா கை தட்டினாள்.

திங்கட்கிழமை அவள் சட்டத்தை மீறினாள். இரைச்சலைத் தூக்கிப் போடுகிற இடத்தில், போடாதே, தனியாக எண்ணி வை என்று சின்னதாக எழுதிச் சேர்த்தாள். வேறெதற்கும் இல்லை, மூன்று விசில் என்றால் ஆன்ட்டி வீட்டில் சாதம், ஆறு என்றால் கொண்டைக்கடலை. அவர் சமைக்காததாகப் பார்த்துத் தூக்கில் போட்டு அனுப்பலாம். ஆன்ட்டியும், நீ எப்படிம்மா நான் நினைக்கிறதையே அனுப்பறே என்று ஆச்சரியப்பட்டார். சிநேகா சிரித்து மழுப்பினாள்.

நாற்பது நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை ஜெபசிங் அதைக் கண்டுபிடித்தான். தன் புரோகிராமில் கை வைத்ததற்குக்கூட அவன் அவ்வளவு கோபப்படவில்லை.

"அவங்க இன்னா சொன்னாங்க? யாரும் பாக்கக் கூடாதுன்னாங்க இல்ல? நீ பண்ணிகினு கீறதுக்குப் பேரு இன்னா சிநேகா?"

ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துவிடுகிறேன் என்றாள். நமக்கு வீடு வாங்கித் தந்தவரையே வேவு பார்த்துவிட்டோமே என்று அன்று முழுக்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தவள், பழக்க தோஷத்தில் பிரிட்ஜ் மேலிருந்த போனில் தான் எண்ணி வைத்ததைத் திறந்து பார்த்தாள். இரைச்சல் என்ற இடத்தில் சைபர் இருந்தது. நாற்பது நாளில் ஒரு நாள்கூட அங்கே சைபர் வந்ததில்லை. ஏழரைக்குள் ஆன்ட்டியின் குக்கர் கூப்பிட்டுவிடும்.

ஊருக்குப் போயிருந்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருப்பார். பழையது சாப்பிட்டிருப்பாரோ, தூங்குகிறாரோ என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். போய்க் கதவைத் தட்டி, என்ன சிநேகா என்று அவர் கேட்டால், உங்கள் குக்கர் கத்தவில்லை, அதனால் வந்தேன் என்றா சொல்வது? பஸ்ஸுக்கு வேறு நேரமாகிக்கொண்டிருந்தது. செருப்பை மாட்டிவிட்டாள். மாட்டின செருப்போடு உள்ளே திரும்பி வந்து, சாக்குக்கு இருக்கட்டும் என்று தூக்கைக் கையில் எடுத்தாள். அதில் போட ஒன்றும் இல்லை. வெறும் தூக்கோடு போய் மணி அடித்தாள்.

மூன்று தடவை அடித்தும் கதவு திறக்கவில்லை. ஜன்னலில் காது வைத்தால் உள்ளே குழாய் திறந்து தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஜெபா, சீக்கிரம் வா. ஆன்ட்டிக்கு இன்னாவோ ஆயிட்சி."

இரண்டு வீட்டு பால்கனிக்கும் நடுவே இடுப்பளவு சுவர். சிநேகா அவன் சட்டையைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, ஜெபசிங் தாண்டினான். பால்கனிக் கதவு தாழ் போடாமல் இருந்தது. அவன் உள்ளே ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தான். குளியலறை வாசலில் பிரபாவதி ஒருக்களித்துக் கிடந்தார். நெற்றியில் ரத்தம், ஒரு கால் ஆகாத பக்கம் திரும்பியிருந்தது. காலை ஐந்தரைக்கு வழுக்கி விழுந்தாராம். போன் ஹாலில். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. குளியலறை அந்த வீட்டின் மறுகோடியில், குழாய்ச் சத்தம் வேறு; இந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. கேளம்பாக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் நடந்தது. சர்க்கரை உடம்பு, மாத்திரையும் இல்லாமல் சாப்பாடும் இல்லாமல் சாயங்காலம் வரை கிடந்திருந்தால் நான் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்பேன் என்று டாக்டர் சொன்னார். சிநேகா ஆஸ்பத்திரி வராந்தாச் சுவரில் சாய்ந்து, கர்த்தரே ஸ்தோத்திரம் என்று எத்தனை தடவை சொன்னாளோ, அதை எண்ண எந்தப் போனும் இல்லை.

சதாசிவம் அன்றைக்கே ஓசூரிலிருந்து வந்துவிட்டார். நான்காம் நாள், அக்காவின் கட்டில் பக்கத்தில் நின்று, இனி பேச ஒன்றுமில்லை, வீட்டை விற்கிறோம் என்றார். பிரபாவதி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் திறந்து, கஞ்சி கொண்டுவந்திருந்த சிநேகாவிடம், அன்றைக்கு எப்படித் தெரிந்து வந்தாய் என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வந்தது. சிநேகா அதை விழுங்கினாள்.

"உங்க குக்கர் விசில எண்ணிகினு இருந்தேன் ஆன்ட்டி. நாப்பத்தோரு நாளா. ஜெபா தப்புன்னான். நான்தான் செஞ்சேன். தூக்குல இன்னா போட்டு அனுப்பறதுன்னு தெரிஞ்சிக்கத்தான். நீங்க வேணாம்னு சொன்னதையே செஞ்சிட்டேன்."

பிரபாவதி திட்டப் போகிறார், கஞ்சியைத் திருப்பி எடுத்துப்போகச் சொல்லப் போகிறார் என்று சிநேகா நின்றாள்.

"நீங்க குடிவர்ற வரைக்கும் அந்தக் குக்கர் பரண்லதான் கிடந்துது," என்றார் பிரபாவதி. "ஒருத்திக்கு என்ன சமையல்னு ரெண்டு வருஷம் பிரெட்டும் மெஸ் சாப்பாடுமா ஓட்டினேன். நீ கேசரி கொண்டுவந்தே. வெறும் தூக்கை எப்படித் திருப்பிக் குடுக்கறதுன்னு அன்னிக்குத்தான் அதை இறக்கினேன். தினம் காலைல எழுந்திருக்க எனக்கு ஒரு காரணம் இருந்துதுன்னா, அது அந்தத் தூக்குதான்."

தான் பட்ட கடன் என்று ஒரு வருஷமாகச் சுமந்ததை, அந்தப் பக்கமும் ஒருத்தி அப்படியே சுமந்திருக்கிறாள். சிநேகா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிரபாவதி தம்பி பக்கம் திரும்பினார். "விழுந்தா யாருக்குத் தெரியும்னு கேட்டியே சதா. தெரிஞ்சுது பார். அந்த விசிலை மட்டும் எண்ணட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ரெண்டு மாசம் உன் வீட்ல இருக்கேன். அப்புறம் என் வீட்டுக்குப் போறேன்."

சதாசிவம் ஜெபசிங்கின் போன் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அந்த இரண்டு மாதமும் பிரிட்ஜ் தலையில் தினமும் சைபர்தான். காரணம் தெரிந்திருந்தும் அதைப் பார்க்கச் சிநேகாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைப் பிரித்ததும் ஜெபசிங் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். அவள் சேர்த்த வரிகளில் அவன் கேட்காமல் கை வைத்திருந்தான். ஆன்ட்டி திரும்பி வந்த பிறகு, காலை எட்டு மணி வரை விசில் வரவில்லையென்றால் இவர்கள் இரண்டு பேர் போனும், ஓசூரில் சதாசிவத்தின் போனும் அடிக்கும். இரைச்சல் என்ற பேர் எங்கேயும் இல்லை. அந்த இடத்தில் எல்லாம் பிரபா ஆன்ட்டி என்று இருந்தது.

"சட்டத்த நானும் மீறிட்டேன்," என்றான். அவள் தன் இலையிலிருந்த முட்டையை எடுத்து அவன் இலையில் வைத்தாள்.

பிரபாவதி ஒரு ஞாயிறு மாலை வாக்கரோடு வந்து இறங்கினார். திங்கள் காலை சிநேகா தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் கீச்சென்று ஒரு விசில் எழுந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். போன் இருப்பதை மறந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். இரண்டு, மூன்று, நான்கு. கல்லில் தோசை தீய்ந்தது. ஜெபசிங் வந்து அடுப்பை அணைத்துவிட்டு அவளோடு நின்றான். ஐந்து. ஆறு.

"கொண்டைக்கடலை," என்றாள் சிநேகா. கண்ணிலிருந்து நீர் ஓடிக்கொண்டிருந்தது.

பால்கனிப் பக்கமிருந்து ஆன்ட்டியின் குரல் வந்தது. அன்றைக்கு வெறுமையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன தூக்கு இங்கேதான் கிடக்கிறது, என்னால் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது, வந்து எடுத்துக்கொண்டு போ என்றார். மாமல்லபுரம் பஸ் போனால் போகட்டும் என்று சிநேகா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். தூக்கு மேஜை மேல் மூடி இறுக்கி வைத்திருந்தது. எடுத்தபோது கை சுட்டது, நல்ல கனம்.