கையொப்பத்துக்கு விட்ட இடம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரெக்கார்டு அக்கா என்றுதான் பெயர். பத்தொன்பது வருஷமாக ரெக்கார்டு ரூமில் இருக்கிறாள். டாக்டர்கள் வந்தார்கள், போனார்கள். அவள் நாற்காலி மட்டும் நகரவில்லை. எந்த ஃபைல் எங்கே என்று கேட்டால் திரும்பிப் பார்க்காமலே அலமாரிப் பக்கம் கையை நீட்டுவாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவளே நோயாளியாக வரிசையில் நின்றாள். கர்ப்பப்பையில் கட்டி. எட்டு மாதமாக உதிரப்போக்கு நிற்காமல் ஆள் துரும்பாகிப் போயிருந்தாள். வியாழக்கிழமை ஆபரேஷன். அதை விட்டால் அடுத்த தேதி மூன்று மாதம் தள்ளித்தான், உடம்பு அதுவரை தாங்காது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அவளுக்கு முன்னால் ஜிப் அறுந்த பையோடு ஒருத்தி நின்றிருந்தாள். கவுண்டர் பெண் அவளுடைய ஆபரேஷன் சம்மதப் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'கணவர் கையொப்பம்' என்ற கோட்டை நகத்தால் தட்டி, வாங்கிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். வந்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரெக்கார்டு அக்கா பழக்கதோஷத்தில், கோடு காலியாக இருந்தால் எடுக்க மாட்டார்களம்மா என்று பின்னாலிருந்து தானும் ஒரு வார்த்தை போட்டாள். வந்தவள் படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் செருகிக்கொண்டு போனாள்.

பிறகு ரெக்கார்டு அக்கா தன் படிவத்தை நீட்டினாள். அதிலும் அந்தக் கோடு காலிதான்.

கவுண்டர் பெண்ணுக்குச் சங்கடமாகிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. கையெழுத்து இல்லாம வாங்கினா கையை ஒடிப்பேன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க."

உண்மைதான். கவுண்டரில் ஆள் இல்லாத நாட்களில் அங்கே உட்கார்ந்து வந்தவளும் அவள்தான்; இந்தப் பெண்ணுக்கு வேலை பழக்கிய முதல் நாளே சொல்லிக்கொடுத்தது.

புருஷன் அவளை விட்டுப் போய்ப் பதினொரு வருஷம். விவாகரத்து, கோர்ட் என்று எதுவும் இல்லை. ஒருநாள் சட்டைகளை எடுத்துக்கொண்டு போனான், அவ்வளவுதான். ஊரின் மறுகோடியில் ஒரு பேட்டரி கடையும் இன்னொரு குடும்பமுமாக இருக்கிறான். இரண்டு பஸ் மாறி அங்கே போய் இறங்கினாள்.

அவன் ஒன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டான், ரொம்ப இளைத்துவிட்டாயே என்றான். படிவத்தை வாங்கி எழுத்துக் கூட்டி முழுசும் படித்தான். பேனாவை எடுத்தவன் மறுபடி பாக்கெட்டில் குத்திக்கொண்டான்.

"போடறதுல எனக்கு ஒண்ணும் இல்லை. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். அவளுக்குத் தெரியாம உன் காகிதத்துல கையெழுத்துப் போட்டேன்னு தெரிஞ்சா, அப்புறம் எனக்குச் சோறு கிடையாது."

"என் வயித்தை அறுக்கறதுக்கு அவ சம்மதம் வேணுமா?"

"கோவப்படாதே. ஞாயித்துக்கிழமை வா. அன்னிக்குக் கொஞ்சம் சிரிச்ச முகமா இருப்பா."

ஆபரேஷன் வியாழக்கிழமை என்றாள். அவன் ஒரு பேட்டரியின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்க ஆரம்பித்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு ஒன்று தோன்றியது. எந்த விதிக்கும் ஒரு விலக்கு இருக்கும். புருஷன் விட்டுப் போனவளுக்கென்று எங்காவது ஒரு வரி இல்லாமல் போகாது. ரெக்கார்டு ரூமுக்குள் போய், நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, சுற்றறிக்கை ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு முதல் தாளிலிருந்து வரிசையாகப் பார்த்தாள்.

விலக்கு இல்லை. ஏனென்றால் விதியே இல்லை. 'வயது வந்த நோயாளியின் கையொப்பம் போதுமானது' என்று மட்டும்தான் இருந்தது.

அப்படியானால் அந்தக் கோடு எங்கிருந்து வந்தது? மேலும் புரட்டினாள். அது பழைய கருத்தடைப் படிவத்தில் இருந்த கோடு. ஆபரேஷன் படிவத்தைப் புதிதாக அச்சுக்கு அனுப்பிய வருஷம், 'கருத்தடை, ஆபரேஷன் இரண்டு படிவங்களையும் ஒரே தாளில் அடித்தால் காகிதம் மிச்சமாகும்' என்று யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள். குண்டு குண்டான எழுத்து. அவளுடைய எழுத்து. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். கீழே அப்போதிருந்த பெரிய டாக்டர் 'நன்று' என்று எழுதியிருந்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டதுகூட ஞாபகம் வந்தது.

எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பாள்? கணக்கில்லை. ஆனால் ஒரு முகம் மட்டும் முன்னால் வந்து நின்றது. ஒரு தையல்காரி. புருஷன் வெளியூரில் இருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்று மூன்று தடவை வந்து கெஞ்சியவள். ரெக்கார்டு அக்கா எழுந்து கையை நீட்டினாள். ஃபைல் கைக்கு வந்தது. மூன்றாம் தடவைக்கு நாலு மாதம் கழித்து நினைவில்லாமல் தூக்கி வந்திருக்கிறார்கள். கடைசித் தாளில் புருஷன் கையெழுத்துப் போட்டிருந்தான், 'உடலைப் பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில். எல்லாக் கோடும் நிரம்பியிருந்ததால், அன்று அவளே சரிபார்த்து, டிக் அடித்து, அடுக்கி வைத்திருந்தாள்.

அந்த ஃபைலை மூடாமல் தரையிலேயே விரித்து வைத்தாள்.

பிறகு தன் படிவத்தில் ஸ்கேல் வைத்து அந்தக் கோட்டை அடித்தாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். சுற்றறிக்கையையும் எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனாள். கவுண்டர் பெண் அதை இரண்டு தடவை படித்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள், முத்திரை குத்தினாள். வியாழக்கிழமை உறுதியாயிற்று.

"காலைல எனக்கு முன்னாடி நின்னாளே, அவ பேரு என்ன?"

கவுண்டர் பெண் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. "எழுதலைக்கா. கையெழுத்து இல்லாத ஆளை ரிஜிஸ்டர்ல ஏத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே."

ரெக்கார்டு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். எதிரே பஸ் ஸ்டாப்பில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். கிட்டப் போய், ஒவ்வொருத்தி கையிலிருந்த பையின் ஜிப்பையும் பார்த்துக்கொண்டே நடந்தாள்.