நிர்வாகம் என்றால் யார்?

அச்சுக்காரர் மூடிய கையை உயர்த்தியதும் சபை அடங்கியது. அந்தப் பள்ளியில் எல்லாமே சபை முடிவுதான். பொடிசுக்கும் ஒரு கை, பெரியவருக்கும் ஒரு கை. விரித்தால் சம்மதம். ஒரே ஒருவர் மூடினாலும் தீர்மானம் படுத்துவிடும். படுத்தது அவருடைய சொந்த மகளின் தீர்மானம்.

அவள் ஒன்றும் வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. அடுத்த தெருவின் சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்றாள், அவ்வளவுதான்.

"அங்க அப்படி என்ன இருக்கு, தோழர்?" என்று அவர் கேட்டிருந்தார். சபையில் மகளும் தோழர்தான்.

"தப்புன்னு சொல்லுவாங்களாம்."

சபையே மூச்சை இழுத்துக்கொண்டது. அந்தச் சொல்லுக்கு அங்கே தடை. முன்னொரு காலத்தில் அச்சகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய பிள்ளைகளை ஊர்ப் பள்ளிகள் வாசலிலேயே நிற்க வைத்தன. அந்த ஆத்திரத்தில் சங்க அலுவலக மாடியில் அச்சுக்காரர் தொடங்கிய பள்ளி இது. இங்கே ஆசிரியர் இல்லை, 'உடன்பயணி' உண்டு. தப்பு இல்லை, 'இன்னொரு வழி' உண்டு. நாளாக ஆக, தொழிலாளிகள் தங்கள் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் அடுத்த தெருவில் சேர்த்துவிட்டார்கள். மாடியில் பல் மருத்துவர்களின் பிள்ளைகள் நிறைந்தார்கள். பள்ளியைத் தொடங்கியவரின் மகளும் கிளம்பிவிட்டால் எஞ்சுவது பெயர்ப்பலகை மட்டும்தான். அந்தப் பயத்தில்தான் அவர் கையை மூடினார்.

"ஏழெட்டு அம்பத்தி நாலுன்னு எத்தன நாளா சொல்லிட்டிருந்தேன் தெரியுமா?" என்றாள் மகள். "எல்லாரும் 'அழகான இன்னொரு வழி'ன்னாங்க. அந்த ஸ்கூல்ல படிக்கிற பக்கத்து வீட்டுக்காரிதான் 'லூசு, அம்பத்தாறு'ன்னா. அவ ஒருத்திதான் நான் சொன்னத காதுல வாங்கியிருக்கா."

அதன் பிறகும் அவர் கையை விரிக்கவில்லை.

"சரி, தோழர். அப்ப நான் வேலைநிறுத்தம்" என்று எழுந்து போய் வெளி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே பாதி சபை போனது. பல் மருத்துவரின் மகன் கோஷம் போட்டான். எதற்கென்று அவனுக்கே தெரியாது.

ஓவிய உடன்பயணி பரவசமாக ஓடி வந்து படம் எடுத்தாள். "என்ன அருமையான செயல்பாடு! உணர்ந்து பண்றீங்க கண்ணுங்களா!"

"செயல்பாடு இல்ல! நிஜம்!" என்று கத்தினாள் மகள். கண்கள் நிறைந்துவிட்டன.

"பாருங்க, கோபத்தக்கூட எவ்ளோ சுதந்திரமா வெளிப்படுத்துறா!"

அச்சுக்காரர் படியிறங்கி வந்தார். "வெயில்ல எதுக்கு? உள்ள வாங்க, உக்காந்து பேசித் தீத்துக்கலாம்" என்றார்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அன்றைய வேலைநிறுத்தத்தில் அச்சக முதலாளி இவரிடம், ஒரு சொல் பிசகாமல், இதையேதான் சொன்னார். அதற்கு இவர் என்ன பதில் சொன்னார் என்பதைப் பெண் குழந்தை முன்னால் சொல்ல முடியாது.

அவர் மகளைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். உடன்பயணிகள் "கொஞ்சம் வழி விடு கண்ணு" என்று தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"நீ பண்றது தப்பு" என்றார்.

ஓவியக்காரியின் கை நெஞ்சுக்குப் போனது. மகள் நிமிர்ந்தாள்.

"எது தப்பு?"

"உக்காந்த இடம். படியில உக்காந்தா யாருக்கு என்ன நஷ்டம்? எல்லாரும் தாண்டிப் போறாங்கல்ல? கீழ கம்பிக் கேட்டு வாசல்ல உக்காரு. ஒருத்தரும் உள்ள வரக்கூடாது, வெளிய போகக்கூடாது. கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. அவன் இவன் கோஷமெல்லாம் சேத்துக்காத."

பிள்ளைகள் வாசலுக்கு நகர்ந்தார்கள். சாப்பாட்டு நேரம் வந்தது. உடன்பயணிகள் வெளியே போக முடியாமல் கம்பிக் கதவுக்குள் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். 'செயல்பாடு' என்று யாரும் சொல்லவில்லை.

"நிர்வாகத்தோடதான் பேசுவேன்" என்றாள் மகள்.

"இங்க நிர்வாகமே கிடையாதே கண்ணு" என்று ஓவியக்காரி சொல்லிக்கொண்டே இரண்டடி பின்னால் போனாள். மற்றவர்களும் போனார்கள். முன்னால் மிஞ்சியது அச்சுக்காரர் ஒருவர்தான். அவர் கதவருகே தரையில் உட்கார்ந்தார்.

"என்னிக்குப் போகணும்?"

"திங்கக்கிழம."

வலது கையை ஒரு தரம் பார்த்துவிட்டு விரித்தார். "நானே கொண்டுபோய் விடவா?"

அவள் யோசித்தாள். "வா. ஆனா வாசலோட நின்னுக்க. அங்க யாருக்கும் சங்கம் வைக்கச் சொல்லித் தரக்கூடாது."

"ஒரே ஒருத்தருக்கு?"

"அப்பா!"

"சரி சரி" என்றார் நிர்வாகம்.