ஐரிஸுக்கு அக்கம்பக்கம்

ஒரு தேசத்தின் நாகரிகம், ஐரிஸ் செடிக்குப் பக்கத்தில் அது எதை நட்டிருக்கிறது என்பதைக் கொண்டே அளக்கப்படும். திருவனந்தபுரம் வலியசாலை அக்ரகாரத்தில் இதை முதன்முதலாக அறிவித்தவர் பஞ்சாபகேசன். அறிவிக்கும்போது ஈரத்துண்டோடு கிணற்றடியில் நின்றார். கேட்டவள், வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி லலிதாம்பாள் மட்டும்.

செக்ரட்டேரியட்டில் சூப்ரண்டாக இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவரைக் கண்டு யாரும் எழுந்து நிற்பதில்லை. தோட்டக்கலைச் சங்கத்தின் உபதலைவர் ஆகிவிட்டால் பழையபடி நிற்பார்கள் என்று நம்பினார். சங்கத் தலைவர் ராஜையன், ஓய்வுபெற்ற இஞ்சினியர். தோட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருந்தார்.

சிம்லாவில் உத்தியோகம் பார்க்கும் மைத்துனன் சேஷன் ஏழு ஐரிஸ் கிழங்குகளும், குளிர்தேசத் தோட்டங்களைப் பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகமும் அனுப்பியிருந்தான். ஐரிஸைத் தனியே விடக் கூடாது, குளிர் தாங்கும் துணைச்செடிகளாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்றது புத்தகம். பஞ்சாபகேசன் பத்துப் பொருத்தமும் பார்க்க உட்கார்ந்தார்.

"ஓரமா ரெண்டு கனகாம்பரம் வையுங்கோளேன்," என்றாள் லலிதாம்பாள்.

"அது குளிர் தாங்காதுடி."

"இங்கே குளிர் எங்கே இருக்கு?"

"இருக்கோ இல்லையோ, தாங்கற வம்சமா இருக்கணும். நீ வாழைக்காயைப் பாரு."

துளசி தண்ணீர் அதிகம் கேட்கும், தள்ளுபடி. பிச்சி வாசனை காட்டி அலட்டிக்கொள்ளும், அதுவும் தள்ளுபடி. கடைசியில் சாலைக் கடைத்தெருவில் வரன் அமைந்தது. ஊட்டி பீட்ரூட். பிறந்ததும் வளர்ந்ததும் குளிரில், அதுவும் மண்ணுக்கடியில். இதைவிட நல்ல சம்பந்தம் ஏது? இரண்டு ராத்தல் வாங்கி வந்து ஐரிஸைச் சுற்றிப் புதைத்தார்.

"கறிக்குன்னு நெனச்சேன்," என்றாள் லலிதாம்பாள். "சம்பந்தி வீடுன்னு தெரியாம போச்சு."

ஆறு வாரத்தில் பீட்ரூட் இலை விட்டது. ஐரிஸ் மூச்சு விடவில்லை. பஞ்சாபகேசன் புத்தகத்தை மறுபடி புரட்டினார். ஒரு நல்ல குளிர்காலம் கடந்தால்தான் ஐரிஸ் பூக்கும் என்றிருந்தது. திருவனந்தபுரத்தில் அது வராத குறையை அவரே நிவர்த்தி செய்யத் தீர்மானித்தார். தாசையன் என்ற வண்டிக்காரர் தினமும் காலையில் மரத்தூள் போட்ட சாக்கில் ஐஸ் கொண்டுவந்து இறக்கினார்.

"எங்கேந்து வர்ற ஐஸ்னு கேட்டேளா?" என்றாள் லலிதாம்பாள்.

"ஐஸுக்கு ஏதுடி ஊர்? உறைஞ்ச ஜலம்."

"வலியதொறை கடப்புறத்துல இருந்தாக்கும், அம்மா. வள்ளமெல்லாம் கரையேறுற எடம்," என்றார் தாசையன். பஞ்சாபகேசன் அதற்குள் பனிப்பொழிவு என்ற அத்தியாயத்துக்குப் போய்விட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ராஜையன் வந்தபோது பாத்தி முழுக்க ஒரு சாண் உயரத்துக்கு உடைத்த ஐஸ் கிடந்தது. தெருவில் பாதிப்பேர் வேலிக்கு வெளியே நின்றார்கள்.

"இது என்னவாக்கும் சார்?"

"விண்டர்," என்றார் பஞ்சாபகேசன்.

"ஐரிஸ் எங்கே?"

"உள்ளே தூங்கறது. எழுப்பப்படாது."

"பக்கத்துல நிக்கது பீட்ரூட்டுல்லா?"

"துணைச்செடி. ஊட்டி வம்சம்."

ராஜையன் வெகுநேரம் யோசித்தார். பூ வைத்திருக்கும் அங்கத்தினர்கள் சங்கத்தில் நிறையப் பேர் உண்டு. பருவகாலமே வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. "சங்கதி கொள்ளாம்," என்று சட்டைப்பையிலிருந்து உபதலைவர் நியமனக் காகிதத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் பூனைகள் வந்தன. முதலில் ஒன்று, அப்புறம் நான்கு. லலிதாம்பாள் விரட்ட விரட்ட, அவை நேரே பாத்திக்குள் இறங்கிப் பனிக்காலத்தைத் தோண்டின. ஒரு சாம்பல் பூனை இரண்டு பீட்ரூட்டுகளுக்கு நடுவிலிருந்து எதையோ இழுத்து, உபதலைவராகப் போகிறவரின் காலடியில் போட்டு அமர்ந்தது.

ராஜையன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "இந்தத் துணை எந்த வம்சம் சார்?"

பஞ்சாபகேசன் புத்தகத்தின் பின்னட்டவணையைப் புரட்டினார். வேலிக்கு வெளியே யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ராஜையன் பேனாவை மூடினார்.

அது சாளை மீன். தலை மட்டும் இல்லை.