ஒர்லா சொன்ன பொய்

லோர்கன் மல்வி பதினான்கு வருடங்களாகக் கில்மோரா ஊரின் ஐரிஷ் கால்பந்து அணியில், பந்தைக் கையாலும் பிடிக்கலாம் என்கிற அந்த ஆட்டத்தில், கோலுக்கு முன்னால் தடுப்பாக நின்றவன். வார நாட்களில் வீடுகளுக்குக் கூரை வேய்வான். ஞாயிறானால், உயரத்திலிருந்து இறங்கும் பந்தை மூன்று பேர் தலைக்கு மேல் எம்பிப் பிடிப்பான். சம்பளம் எதுவும் கிடையாது. ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். மாவட்டக் கோப்பை அந்த ஊருக்கு வந்ததே இல்லை. இந்த வருடம் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள்.

மூன்று வாரங்களுக்கு முன் பயிற்சியில் ஒருவனுடைய முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் மோதியது. அன்றிலிருந்து வாந்தி. விளக்கைப் போட்டால் கண்ணைப் பொத்திக்கொண்டான். ஒருநாள் பாதி வழியில் வண்டியை நிறுத்தி, தான் எந்த வீட்டுக்கு வேலைக்குப் போகிறான் என்று மனைவி ஒர்லாவிடமே போனில் கேட்டான்.

"டாக்டர்கிட்ட போலாம் லோர்கன்."

"போனா ஆடக்கூடாதும்பாரு. இந்த ஒரு ஆட்டம் மட்டும். அப்புறம் நீ சொல்றபடி கேக்கறேன்."

வியாழக்கிழமை ரொட்டி வாங்கப் போன இடத்தில் பயிற்சியாளர் மலக்கி அவளை மறித்தார்.

"அந்தப் பய என்கிட்ட உண்மையச் சொல்ல மாட்டான். 'என் தலையில என்ன இருக்கு உடையறதுக்கு'ன்னு சிரிக்கிறான். நீ சொல்லும்மா. நல்லாத்தான இருக்கான்?"

கடைக்காரரும் வரிசையில் நின்றவர்களும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"நல்லா இருக்கான்," என்றாள் ஒர்லா. "நல்லாத் தூங்கறான்."

இறுதி ஆட்டத்தில் கில்மோரா இரண்டு புள்ளி முன்னால் இருந்தது. கடைசி நிமிடம். லோர்கன் எம்பிப் பந்தைப் பிடித்தான். இறங்கும்போது யாரோ ஒருவன் தோள் அவன் தலையில் பட்டது. விழவில்லை. திரும்பி, தன் கோலை நோக்கியே ஓடினான். எதிரே நின்ற எதிரணிக்காரன் கையில் பந்தைத் தட்டிக் கொடுத்தான். கோல். ஒரு கோலுக்கு மூன்று புள்ளி; கில்மோரா ஒரே புள்ளியில் தோற்றது.

"எவ்வளவு காசுடா வாங்குன?" என்று பார்வையாளர் படிகளிலிருந்து ஒரு குரல் கத்தியது.

ஒர்லா கம்பித் தடுப்பைத் தாண்டிக் குதித்து ஓடினாள். லோர்கன் கண்ணால் கூட்டத்தைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"அப்பா எங்க உக்காந்திருக்காரு?" என்று கேட்டான். அவன் அப்பாவைப் புதைத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அதன்பின் அவன் கூரை ஏறவில்லை. ஏணியின் இரண்டாம் படியிலேயே உலகம் சுற்றியது. மைதானத்து விசில் சத்தம் வீடு வரை கேட்டால் ஜன்னலைச் சாத்தச் சொன்னான். கத்தியவன் யார் என்று ஊருக்கே தெரியும். அவன் வந்து மன்னிப்புக் கேட்டபோது லோர்கனுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை.

மலக்கி ஒரே ஒரு முறை வந்தார். ஒர்லாவின் முகத்தைப் பார்க்காமல் தேநீரைக் குடித்தார். அன்று கடையில் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

லோர்கன்தான் பேசினான். "இவ அன்னிக்கே தடுத்தா மலக்கி. டாக்டர்கிட்ட போலாம்னா. நான்தான் கேக்கல. இவ மேல ஒரு தப்பும் இல்ல."

மலக்கி கோப்பையைக் கீழே வைத்தார். ஒர்லா அதை எடுத்துக்கொண்டு போய், குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல் நின்றாள்.